கடலுக்கு வழிகாட்டிய கம்பிக்குடை

நுழையும்முன்

கரை காணாத கடலின் நடுவே செல்லும் கப்பலுக்குத் தான் இருக்கும் இடத்தை அறிவதே முதல் தேவை. விண்மீன்களும் கலங்கரை விளக்கங்களும் நெடுங்காலம் அத்தேவையை நிறைவு செய்தன. ஆனால், மேகம் மூடினால் விண்மீன் மறையும். கரையை விட்டு விலகினால் விளக்கொளி மறையும். இருபதாம் நூற்றாண்டில் மனிதன் கண்ணுக்குத் தெரியாத விளக்குகளை ஏற்றினான். அவை ஒளிக்கு மாறாக வானொலி அலைகளை வீசின. அத்தகைய அலைகளை உலகெங்கும் அனுப்பிய ஆன்டெனாக்கள் எவ்வாறு வடிவமைக்கப்பட்டன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

எட்டு நிலையங்கள், ஓர் உலகம்

ஜி.பி.எஸ். வழிகாட்டத் தொடங்குவதற்கு முன்னர், உலகம் முழுவதற்கும் இடமறியும் சேவையை வழங்கிய வானொலி அமைப்பு 'ஒமேகா' ஆகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஆல்வின் பியர்ஸ் இதன் தந்தையாகக் கருதப்படுகிறார். நார்வே, லைபீரியா, ஹவாய், வடக்கு டகோட்டா, ரீயூனியன் தீவு, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய எட்டு இடங்களில் இதன் நிலையங்கள் அமைந்திருந்தன. உலகின் எந்தக் கடலில் இருந்தாலும் அவற்றுள் சிலவற்றின் அலைகளேனும் கப்பலை வந்தடையும்.

இரு நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில், அணுக்கடிகாரத்தின் துணையோடு, ஒன்றோடொன்று இசைந்து அலைகளை அனுப்புகின்றன என்று கொள்வோம். ஓர் அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்நிலையில் உள்ளது என்பதை அதன் 'கட்டம்' என்பர். கப்பலில் உள்ள கருவி, இரு நிலையங்களின் அலைகளுக்கு இடையே உள்ள கட்ட வேறுபாட்டை அளக்கும். அவ்வேறுபாடு மாறாதிருக்கும் புள்ளிகளை இணைத்தால் ஓர் அதிபரவளையம் கிடைக்கும். கப்பல் அக்கோட்டின் மேல் எங்கோ உள்ளது. மற்றோர் இணை நிலையங்களைக் கொண்டு அளந்தால் மற்றொரு கோடு கிடைக்கும். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே கப்பலின் இருப்பிடம்.

கொள்கை எளிதாகத் தோன்றலாம். அதனைச் செயற்படுத்தத் தேவைப்பட்ட ஆன்டெனாவோ எளிதன்று.

ஏன் நெட்டலை?

வானொலி அலையின் அதிர்வெண் குறையக் குறைய அதன் அலைநீளம் கூடும். பண்பலை வானொலி பயன்படுத்தும் அலைகளின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். ஒமேகா நிலையங்களின் முதன்மை அதிர்வெண் 10.2 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் வேகமான நொடிக்கு 3,00,000 கிலோமீட்டரை 10,200 ஆல் வகுத்தால் கிடைக்கும் அலைநீளம் ஏறத்தாழ 29.4 கிலோமீட்டர்.

இவ்வளவு நீண்ட அலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பண்பலை வானொலியின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் புவியின் வளைவைத் தாண்டி வெகுதொலைவு எட்டுவதில்லை. நெட்டலைகளோ, புவிப்பரப்புக்கும் அதற்கு மேலே உள்ள அயனி மண்டலத்தின் கீழ் எல்லைக்கும் இடையே, இரு சுவர்களுக்கு நடுவே ஓடும் நீரைப்போல் வழிநடத்தப்படுகின்றன. பகலில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உயரத்திலும், இரவில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்திலும் அந்த மேற்சுவர் அமைகிறது. அவ்விடைவெளியில் அலைகள் அதிகம் வலுவிழக்காமல் பல்லாயிரம் கிலோமீட்டர் செல்கின்றன. பகல், இரவு மாற்றத்தால் கட்டத்தில் ஏற்படும் வேறுபாட்டையும் முன்னரே கணித்து அட்டவணையாகத் தர இயலும். எட்டே நிலையங்கள் உலகிற்குப் போதுமானதாக இருந்தது இதனால்தான்.

எட்டாத உயரம்

நெட்டலையின் நன்மையே ஆன்டெனாவை வடிவமைக்கும் பொறியாளருக்குப் பெருந்தடையாகிறது. தரையின் மேல் செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா, அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு உயரம் இருந்தால் தானாகவே ஒத்ததிர்வு கொண்டு, அளிக்கும் ஆற்றலின் பெரும்பகுதியை அலையாக மாற்றிவிடும். பண்பலை வானொலிக்கு அந்த உயரம் முக்கால் மீட்டர்தான். ஒமேகாவிற்கோ அது 7,350 மீட்டர்! 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரத்தோடு ஒப்பிடத்தக்க கோபுரத்தை யாரால் எழுப்ப இயலும்?

எஃகுக் கோபுரத்தை நாற்புறமும் கம்பிகளால் இழுத்துக் கட்டி எழுப்பும் முறையில் சில நூறு மீட்டர் உயரமே நடைமுறைக்கு இயல்வது. லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவிற்கு அருகில் பெய்ன்ஸ்வில் என்னும் இடத்தில் எழுப்பப்பட்ட ஒமேகா கோபுரத்தின் உயரம் 417 மீட்டர். அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு மட்டுமே. மனிதக் கண்ணுக்கு மலைபோல் தோன்றும் கோபுரம், அலையின் கண்ணுக்கு ஒரு சிறு முளைக்குச்சி. அந்த முளைக்குச்சியைக் கொண்டு உலகம் முழுவதும் கேட்கச் செய்வதே வடிவமைப்பின் சவால்.

குடை விரித்த கோபுரம்

தனித்து நிற்கும் குட்டையான கோபுரத்தின் அடியில் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அது மேலே செல்லச் செல்லக் குறைந்து உச்சியில் சுழியாகிவிடும்; உச்சிக்கு அப்பால் மின்னோட்டம் செல்ல வழியில்லை. எனவே, கோபுரத்தின் மேற்பாதி அலையை உருவாக்குவதில் சிறிதளவே பங்கேற்கிறது. அலைபரப்பலில் உண்மையாகப் பயன்படும் உயரத்தைப் 'பயனுறு உயரம்' என்பர். தனிக்கோபுரத்திற்கு அது அதன் உயரத்தில் பாதியே.

இக்குறையைத் தீர்க்கப் பொறியாளர்கள் கோபுரத்தின் தலையில் ஒரு குடையை விரித்தனர். உச்சியிலிருந்து எல்லாத் திசைகளிலும் சரிவாக இறங்கும் நீண்ட கம்பிகளே அக்குடை. தரை ஒரு தகடாகவும் குடை மற்றொரு தகடாகவும் அமைய, முழு அமைப்பும் ஒரு மாபெரும் மின்தேக்கியாகிறது. மேலே செல்லும் மின்னோட்டத்திற்குக் குடையை மின்னூட்டும் வேலை இருப்பதால், அது உச்சிவரை பெரிதும் குறையாமல் பாய்கிறது.

குடையை எவ்வளவு தாழ்வாக விரிக்கலாம்? கம்பிகளை நீட்ட நீட்ட மின்தேக்குத்திறன் கூடும், அது நன்மை. ஆனால், சரிந்து இறங்கும் கம்பிகளில் மின்னோட்டம் கீழ்நோக்கிப் பாய்வதால், மேல்நோக்கிப் பாயும் மின்னோட்டத்தின் பயனை அது ஓரளவு அழித்துவிடும், அது தீமை. கம்பி நீளும்போது ஒரு புள்ளிவரை நன்மை மிகும். அதன்பின் தீமை மிகும். அந்த எல்லையில் மின்காப்பானைப் பொருத்திக் கம்பியின் மின்னோட்டப் பகுதியை முடித்துவிடுவர். அதற்குக் கீழே தரைவரை செல்லும் பகுதி வெறும் கட்டுக்கயிறாகவே பயன்படும்.

கோபுரத்தை எங்கே மின்காப்பது என்பது மற்றொரு கேள்வி. இதற்கு இரு விடைகள் உண்டு. வடக்கு டகோட்டாவின் லாமூர் நிலையத்தில் கோபுரம் முழுவதுமே மின்காப்பானின் மேல் நிறுத்தப்பட்டது. அங்கே கோபுரமும் ஆன்டெனாவின் உறுப்பாகிறது. ஆனால், அதன் எடையும் இழுகம்பிகளின் அழுத்தமும் அடியில் உள்ள காப்பானின் மேலேயே இறங்கும். பெய்ன்ஸ்வில் கோபுரமோ நேரடியாக நிலத்தோடு இணைக்கப்பட்டு, குடை மட்டும் மின்காக்கப்பட்டது. அங்கே அடித்தளம் எளிதாகிறது. ஆனால், நிலத்தோடு இணைந்த எஃகு, ஆன்டெனாவின் நடுவே நிற்பதால் பயனுறு உயரம் சற்றுக் குறைகிறது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுப்பது இத்துறையில் தவிர்க்க இயலாதது.

மின்னோட்டத்தின் கணக்கு

ஒவ்வோர் ஒமேகா நிலையமும் 10 கிலோவாட் திறனை அலையாக வெளியிட வேண்டும் என்பது இலக்கு. சிறிய வானொலி நிலையம்கூட எட்டக்கூடிய அளவுதானே என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

ஆன்டெனா அலையாக வெளியிடும் ஆற்றலை, ஒரு மின்தடையில் செலவாகும் ஆற்றலைப்போல் கருதலாம். அதற்குக் 'கதிர்வீச்சு மின்தடை' என்று பெயர். குட்டையான செங்குத்து ஆன்டெனாவிற்கு, பயனுறு உயரத்தை அலைநீளத்தால் வகுத்து, அதனை இருமடி ஆக்கி, ஏறத்தாழ 1,580 ஆல் பெருக்கினால் அது ஓம் அளவில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆன்டெனாவின் பயனுறு உயரம் 200 மீட்டர் எனக் கொள்வோம். 29,400 மீட்டர் அலைநீளத்திற்கு அதன் கதிர்வீச்சு மின்தடை 0.073 ஓம் மட்டுமே. 10,000 வாட் திறனை 0.073 ஓம் மின்தடையில் செலவிட வேண்டுமானால், ஏறத்தாழ 370 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். பயனுறு உயரம் பாதியானால் கதிர்வீச்சு மின்தடை நான்கில் ஒன்றாகும். தேவைப்படும் மின்னோட்டமோ இருமடங்காகி 740 ஆம்பியரைத் தொடும். கோபுரத்தின் ஒவ்வொரு மீட்டரும் ஏன் மதிப்புடையது என்பது இதனால் புலப்படும்.

காற்றையும் உடைக்கும் மின்னழுத்தம்

இத்தகைய குட்டையான ஆன்டெனா, மின்தேக்கியாகவே நடந்துகொள்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அதன் மின்தேக்குத்திறன் 30 நானோஃபாரட் எனக் கொண்டால், 10.2 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 520 ஓம். 370 ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே பாயும்போது தோன்றும் மின்னழுத்தம் ஏறத்தாழ 1,92,000 வோல்ட்; அதன் உச்ச மதிப்பு 2,70,000 வோல்ட்டைத் தாண்டும். குடையில்லாத தனிக்கோபுரமாக இருந்தால் மின்தேக்குத்திறன் பல மடங்கு குறைந்து, இம்மதிப்பு பத்து இலட்சம் வோல்ட்டையும் கடந்துவிடும். குடையின் பெரும்பயன் மின்னழுத்தத்தை அடக்கி ஆள்வதே என்பது இங்கே தெளிவாகிறது.

ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் என்னும் மின்புலம் தோன்றினால் காற்று தன் மின்காப்புத் தன்மையை இழக்கும். மெல்லிய கம்பியின் பரப்பில் மின்புலம் செறிவதால் அங்கே காற்று அயனியாகி ஊதா நிறத்தில் ஒளிரும். இதனை ஒளிவட்ட மின்னிறக்கம் என்பர். இருளில் பார்க்க அழகாகத் தோன்றினும் அது ஆற்றலை வீணாக்கும். கம்பியையும் காப்பானையும் அரித்துவிடும். எனவே, குடையின் கம்பிகள் மின்னோட்டத்திற்குத் தேவையான அளவைவிடப் பருமனாகவே தேர்ந்தெடுக்கப்படும். காப்பான்களின் முனைகளில் மின்புலத்தைப் பரவலாக்கும் உலோக வளையங்கள் பொருத்தப்படும். கூர்முனை ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கடலோரத்தில் உப்பும் மழைக்காலத்தில் ஈரமும் காப்பான்களின் மேல் படிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒத்ததிர்வும் ஒரு பெருஞ்சுருளும்

மின்தேக்கியின் மின்மறுப்பைச் சமன் செய்ய அதே அளவு மின்மறுப்புடைய கம்பிச்சுருள் தேவை. சமன் ஆனதும் முழு அமைப்பும் ஒத்ததிர்வு கொள்ளும். மின்னாற்றல் குடைக்கும் சுருளுக்கும் இடையே ஊஞ்சல்போல் மாறி மாறி ஆடும். அலைபரப்பிக் கருவி, அந்த ஊஞ்சல் நின்றுவிடாமல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது தள்ளிவிட்டால் போதும்.

அச்சுருள் ஓர் அறையை நிறைக்கும் அளவிற்குப் பெரியது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் புறப்பரப்பிலேயே பாயும் இயல்புடையது. ஆதலால், தனித்தனியே காப்பிடப்பட்ட ஆயிரக்கணக்கான மெல்லிய செம்பு இழைகளை முறுக்கிச் செய்த வடமே அதற்குப் பயன்படும். சுருளின் காந்தப்புலம் அருகிலுள்ள இரும்பில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி வெப்பமாக்கும் என்பதால், அந்த அறையின் சுவர்கள் செம்பு அல்லது அலுமினியத் தகடுகளால் மூடப்படும்.

காற்று அசைத்தால் கணக்குப் பிழைக்கும்

மேற்கண்ட எடுத்துக்காட்டில் எல்லா இழப்புகளையும் சேர்த்து மொத்த மின்தடை 0.7 ஓம் எனக் கொள்வோம். 520 ஓம் மின்மறுப்பை 0.7 ஆல் வகுத்தால் தரக்காரணி ஏறத்தாழ 740. அதாவது, இந்த ஆன்டெனா ஏற்கும் பட்டை அகலம் 14 ஹெர்ட்ஸ் மட்டுமே. பேச்சையோ இசையையோ இதன் வழியே அனுப்ப இயலாது. ஒமேகா நிலையங்கள் ஒரு நொடி அளவிற்கு நீளும் தூய ஒற்றை அலைகளையே அனுப்பியதால் இக்குறுகிய அகலம் போதுமானதாயிற்று.

ஆனால், இக்குறுகிய அகலத்திலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்துள்ளது. பலத்த காற்றில் குடையின் கம்பிகள் அசைகின்றன. தரைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி மாறுவதால் மின்தேக்குத்திறன் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுகிறது என்று கொள்வோம். ஒத்ததிர்வு அதிர்வெண் 5 ஹெர்ட்ஸ் நகரும். கேட்கச் சிறிதாகத் தோன்றும் இந்நகர்வால், மின்னோட்டத்தின் கட்டம் ஏறத்தாழ 36 பாகை மாறிவிடும். 36 பாகை என்பது ஓர் அலையின் பத்தில் ஒரு பங்கு. அலையின் நீளம் 29.4 கிலோமீட்டர் என்பதால், கப்பலில் இருப்பவரின் தொலைவுக் கணக்கில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் பிழை நுழைந்துவிடும்!

எங்கோ ஒரு கண்டத்தில் வீசும் காற்று, மற்றொரு கடலில் செல்லும் கப்பலைப் பாறையருகே இட்டுச்செல்ல விடலாமா? இதற்காகவே ஆன்டெனாவில் பாயும் மின்னோட்டத்தின் கட்டம், அணுக்கடிகாரத்தின் கட்டத்தோடு இடைவிடாது ஒப்பிடப்பட்டது. வேறுபாடு தோன்றியதும் உடனுக்குடன் அது சரிசெய்யப்பட்டது. அசையும் கம்பிகளைக் கொண்டு அசையாத அலையை உருவாக்கியதே ஒமேகா பொறியாளர்களின் திறம்.

மண்ணுக்கடியில் மறைந்த பாதி

கோபுரமும் குடையும் கண்ணுக்குத் தெரியும் பாதி. மற்றப் பாதி மண்ணுக்குள் உள்ளது. குடையிலிருந்து காற்றின் வழியே இறங்கும் இடப்பெயர்ச்சி மின்னோட்டம், நிலத்தின் வழியாகவே கோபுரத்தின் அடிக்குத் திரும்ப வேண்டும். மண் நல்ல கடத்தி அன்று. வெறும் மண்ணில் விட்டுவிட்டால், அனுப்பும் ஆற்றல் மண்ணைச் சூடாக்குவதிலேயே கழிந்துவிடும்.

எனவே, கோபுரத்தின் அடியை மையமாகக் கொண்டு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் செம்புக் கம்பிகள் எல்லாத் திசைகளிலும் புதைக்கப்படும். திரும்பும் மின்னோட்டம் மண்ணை விடுத்து இக்கம்பிகளின் வழியே பாயும். எத்தனை கம்பிகள், எவ்வளவு நீளம் என்பதைக் கணக்கே முடிவு செய்யும். எடுத்துக்காட்டில் கண்ட 370 ஆம்பியர் மின்னோட்டத்திற்கு, 0.1 ஓம் மின்தடையைக் குறைத்தால் ஏறத்தாழ 13.7 கிலோவாட் மிச்சமாகும். அது நிலையம் அலையாக வெளியிடும் மொத்தத் திறனைவிட மிகுதி! மொத்தம் 0.7 ஓம் எனில், 10 கிலோவாட்டை வானில் அனுப்ப ஏறத்தாழ 96 கிலோவாட்டை ஆன்டெனாவிற்கு ஊட்ட வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு மண்ணிலும் சுருளிலும் காப்பான்களிலும் வெப்பமாகிறது.

தெரிந்து தெளிவோம்

திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் அமைந்துள்ளது. 1990ஆம் ஆண்டு செயற்பாட்டிற்கு வந்த இந்நிலையம், மிகக் குறைந்த அதிர்வெண் அலைகளைப் பயன்படுத்தி, நீரில் மூழ்கியுள்ள நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்திகளை அனுப்புகிறது. உயர் அதிர்வெண் அலைகள் கடல்நீரின் மேற்பரப்பிலேயே அழிந்துவிடும். நெட்டலைகளோ சில மீட்டர் ஆழம்வரை ஊடுருவும். இதன் பணி வழிகாட்டல் அன்று, செய்தித் தொடர்பு. எனினும், இங்குள்ள நெடுங்கோபுரங்களும் இப்பாடத்தில் கண்ட அதே இயற்பியலையே பின்பற்றுகின்றன.

ஒரு சிறு உறுப்பின் களைப்பு

மின்னியல் கணக்குகள் சரியாக இருந்தால் மட்டும் கோபுரம் நின்றுவிடாது. நெடிதுயர்ந்த கோபுரத்தை நிறுத்திவைப்பவை இழுகம்பிகள். தெருவோர மின்கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியின் பேருருவங்களே இவை. நிலத்தோடு இணைந்த நீண்ட உலோகக் கம்பிகள் ஆன்டெனாவின் அலையைக் கெடுக்கும் என்பதால், அவை இடையிடையே மின்காப்பான்களால் துண்டிக்கப்படும். பீங்கான், அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே, கம்பி இழுக்கும்போது பீங்கான் நசுக்கப்படுமாறு காப்பான்கள் அமைக்கப்படும்.

கிரீன்லாந்தின் அங்கிசோக் தீவில், 'லோரான்-சி' என்னும் மற்றொரு வானொலி வழிகாட்டல் அமைப்பிற்காக 411 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பப்பட்டிருந்தது. 1964ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் அது சரிந்து வீழ்ந்தது. இழுகம்பியின் காப்பான் ஒன்றில் இருந்த உலோகக் கொண்டி, ஓயாத அதிர்வினால் களைப்புற்று முறிந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. மீண்டும் மீண்டும் வளைக்கப்படும் கம்பி ஓரிடத்தில் அறுந்துவிடுவதைப்போல, உலோகமும் தன் வலிமைக்கு உட்பட்ட விசையாலேயே காலப்போக்கில் முறியக்கூடும். அதன்பின் அங்கே எழுந்த கோபுரத்தின் உயரம் 214 மீட்டர் மட்டுமே. கையில் அடங்கும் ஓர் உறுப்பைக் கணக்கில் விட்டால் வானளாவும் கோபுரமும் நிலைக்காது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

மலைகளே கோபுரங்களாய்

கோபுரம் கட்டுவது கடினம் எனில், இயற்கை கட்டிய கோபுரத்தைப் பயன்படுத்தினால் என்ன? ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாகூவில் உள்ள ஹைக்கூ பள்ளத்தாக்கு, மூன்று பக்கமும் செங்குத்தான மலைமுகடுகளால் சூழப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை அம்முகடுகளுக்கு இடையே கம்பிகளைக் கட்டி நெட்டலை வானொலி நிலையம் அமைத்தது. அம்மலையில் ஏறுவதற்கு அமைத்த ஏணிப்படிகள், 'ஹைக்கூ படிகள்' என்னும் பெயரில் பின்னாளில் புகழ்பெற்றன. அப்பள்ளத்தாக்கே பின்னர் ஒமேகா நிலையமாயிற்று.

நார்வேயின் பிராட்லாந்து நிலையத்தில் இக்கருத்து மேலும் துணிவோடு கையாளப்பட்டது. நிலப்பகுதியின் மலையில் ஒரு முனையும், அல்ட்ரா என்னும் தீவின் மலையில் மறுமுனையுமாக, கடற்கால் ஒன்றின் குறுக்கே ஏறத்தாழ 3,500 மீட்டர் நீளத்திற்குக் கம்பிகள் கட்டப்பட்டன. அங்கே எஃகுக் கோபுரமே இல்லை. எனினும், மலைநாட்டுப் பாறைநிலம் மின்னைக் கடத்துவதில் மண்ணைவிட மோசமானது. குளிர்காலத்தில் கம்பிகளின்மேல் படியும் பனிக்கட்டியும் கூடுதல் சுமை. இயற்கை இலவசமாகத் தரும் உயரத்திற்கும் ஒரு விலை உண்டு.

வேறு தேவை, வேறு வடிவம்

லோரான்-சி அமைப்பு 100 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. அலைநீளம் 3 கிலோமீட்டர் என்பதால், 190 மீட்டர் உயரக் கோபுரமும் அங்கே போதுமான அளவு பயன்தரும். ஆனால், அதன் தேவை வேறு. அது நீண்ட ஒற்றை அலைக்கு மாறாகக் குறுகிய துடிப்புகளை அனுப்புகிறது. நிலத்தை ஒட்டி வரும் அலை முதலில் வந்துசேரும். அயனி மண்டலத்தில் எதிரொளித்து வரும் அலை சற்றுப் பிந்தி வந்து அதனோடு கலந்து குழப்பும். ஆகவே, துடிப்பு தொடங்கி 30 மைக்ரோநொடி ஆன நிலையிலேயே கருவி அதனை அளந்துவிட வேண்டும்.

ஒமேகா ஆன்டெனாவைப்போல் மிகு தரக்காரணி உடையதாக இருந்தால், துடிப்பு முழு வலிமை பெறவே ஆயிரக்கணக்கான மைக்ரோநொடிகள் ஆகிவிடும். விரைந்து எழும் துடிப்பிற்கு அகன்ற பட்டை தேவை. ஒன்றில் குறைந்த அகலமே போதுமென விடப்பட்டது. மற்றொன்றில் அகலமே உயிர்நாடி ஆயிற்று. சிறந்த ஆன்டெனா எது என்னும் கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தப் பணிக்கு என்பதே முதற்கேள்வி.

வீழ்ந்த கோபுரங்களும் விடைபெறாத கேள்வியும்

ஒமேகா அளித்த இடத்துல்லியம் சில கிலோமீட்டர் அளவிலானது. பெருங்கடலின் நடுவே அது போதும். துறைமுகத்தின் வாயிலில் போதாது. செயற்கைக்கோள் வழியே இயங்கும் ஜி.பி.எஸ். மீட்டர் அளவில் இடத்தைக் காட்டத் தொடங்கியதும் ஒமேகாவின் தேவை மறைந்தது. 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அதன் வழிகாட்டும் சேவை நிறுத்தப்பட்டது. நார்வேயின் கம்பிகள் 2002இல் அகற்றப்பட்டன. ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த கட்டமைப்பாக விளங்கிய பெய்ன்ஸ்வில் கோபுரம் 2011இல் வீழ்த்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வுட்சைடு கோபுரம் 2015இல் தகர்க்கப்பட்டது. லாமூர் கோபுரம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான செய்தித் தொடர்பிற்கு மாறிப் பணியைத் தொடர்ந்தது.

எனினும், கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. செயற்கைக்கோள் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலை, புவியை வந்தடையும்போது மிகவும் மெலிந்துவிடுகிறது. சிறிய கருவி ஒன்றின் இடையூற்றலையே அதனை மூழ்கடிக்கப் போதும். தரையிலிருந்து வரும் வலிய நெட்டலையை மூழ்கடிக்கவோ, அதே அளவிற்குப் பெரிய ஆன்டெனாவும் பேராற்றலும் தேவை. இதனால், லோரானின் மேம்பட்ட வடிவத்தைச் செயற்கைக்கோளுக்குத் துணையாக நிறுத்துவதில் தென்கொரியா, பிரிட்டன் போன்ற நாடுகள் ஆர்வம் காட்டுகின்றன. ஆன்டெனாவின் பேருருவம் சுமையாகக் கருதப்பட்டது. இன்று அதுவே பாதுகாப்பாகவும் எண்ணப்படுகிறது.

எட்டாத உயரத்தைக் குடையாலும், காற்றின் அசைவைக் கடிகாரத்தாலும், மண்ணின் தடையைச் செம்பாலும் வென்றனர் பொறியாளர். எந்தத் தடையையும் அவர்கள் முற்றிலும் நீக்கிவிடவில்லை. ஒவ்வொன்றையும் அளந்து, எதை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் எனத் துணிந்தனர். அந்த அளவறிந்த துணிவே, முகம் அறியாத மாலுமிகளைப் பல்லாண்டுகள் கரைசேர்க்கத் துணைநின்றது.

கற்பவை கற்றபின்...

1. ஓர் ஆன்டெனாவின் பயனுறு உயரம் 200 மீட்டரிலிருந்து 150 மீட்டராகக் குறைந்தால், 10 கிலோவாட் திறனை வெளியிடத் தேவையான மின்னோட்டம் எவ்வாறு மாறும் என்பதைக் கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.

2. 'ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுத்தல்' என்னும் கருத்து இப்பாடத்தில் எவ்விடங்களில் வெளிப்படுகிறது? அவற்றைத் தொகுத்து அட்டவணையாக்குக.

3. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள கைப்பேசிக் கோபுரம், வானொலிக் கோபுரம் ஆகியவற்றின் அமைப்பை உற்றுநோக்கி, அவற்றுக்கும் இப்பாடத்தில் கண்ட கோபுரங்களுக்கும் உள்ள வேறுபாடுகளை ஒரு பக்க அளவில் எழுதுக.

4. 'செயற்கைக்கோள் வழிகாட்டல் இருக்கும்போது தரைவழி வழிகாட்டல் தேவையா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.